ஏழாம் கட்டத்துப் படல்

சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. காத்தாடிக்கு உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் ஓரம்தான் அவள் இடம். ஒரு கால் எப்போதும் வெளியே தொங்கும். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், ஆள் ஜன்னலருகே நிற்பாள். "ஏ காத்தாடி, உக்காரு" என்று முதலில் கத்தியது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. அவளிடம் ஓரிடத்தில் நின்ற ஒரே பொருள் அந்தப் பெயர்தான் என்பான் அவளுடைய அண்ணன்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். மேய்ச்சல் நிலத்திலேயே பெரிய மந்தை அவனுடையது. ஆனால் கிணறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டி அவன் ஆடுகளும் போனதில்லை, அவனும் போனதில்லை. அவனுக்குக் கிணத்தடி என்று பெயர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இப்படியா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு டெய்லருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். விடிந்ததும் மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் எழுகிற மனிதர். கடைத்தெருவில் ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் வேறு எதற்கும் இடமில்லாத கடை. காஜா எடுக்க, பட்டன் வைக்க என்று அவளையும் அந்த ஸ்டூலில் உட்கார வைத்தார். அவள் பாதிச் சட்டைக்கு எழுந்து வாசலுக்குப் போவாள்; மீதிப் பாதியைத் தெருவைப் பார்த்துக்கொண்டே தைப்பாள். ஒருநாள் பேங்கில் வேலை பார்ப்பவர் ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பட்டன் எல்லாம் எதிர்ப்பக்கம்.

"இது என்னங்க, எங்க வீட்டம்மா ஜாக்கெட்டு மாதிரி இருக்கு?"

டெய்லர் மன்னிப்புக் கேட்டு, பிரித்து, தைத்து அனுப்பிவிட்டு மனைவியைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்படவும் எழுந்து நிற்க வேண்டுமே.

"நீ உக்காந்து எனக்கு ஒத்தாசை பண்றதவிட எந்திரிச்சுப் போறதுதான் பெரிய ஒத்தாசை. உன் ஆட்டப் போய்ப் பாரு, போ."

அண்ணனின் மந்தையோடு அவளுக்கும் கொஞ்சம் ஆடுகள் உண்டு. அன்றிலிருந்து வாரத்தில் பாதி கடைத்தெரு, பாதி மேய்ச்சல் நிலம். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் அவள் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவாள். டெய்லரும் அவளும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். அவர் இருக்கிற இடத்துக்கு அவள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர் அங்கேயே இருப்பார்.

மேய்ச்சல் நிலம் என்றால் பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கல், முள், நடுவே கொத்துக் கொத்தாய்ப் புல். மழை வந்தால் வரும், வராவிட்டால் அதன் இஷ்டம். நடுவில் ஒரு கிணறு. எல்லா மந்தையும் சாயங்காலம் அங்கேதான் வந்து சேரும். அதனால் கிணற்றைச் சுற்றி நடுத்தலை வழுக்கை மாதிரி மண் பளபளத்துக் கிடக்கும். வருடா வருடம் வழுக்கை ஏறிக்கொண்டே போனது.

அந்த வழுக்கையைப் பார்க்கத்தான் முதலில் வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு துளைக்கருவி. மண்ணைக் குடைந்து, குழாயில் எடுத்து, மோந்து பார்த்து, பையில் போட்டுக் கட்டினாள். அவளுக்கு உடனே மண்ணுக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மந்தைக்காரர்கள் சங்கத்தின் கம்பளிக் கிடங்கில் கூட்டம் போட்டாள். ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி அதில் படம் காட்டினாள்.

"புல்லு காத்துல இருக்கிற கரிய, அதான் கார்பன, இழுக்குது. இழுத்து வேர் வழியா மண்ணுக்குள்ள வெக்குது. புல்லு ஒட்ட மொட்டையாகாம பாத்துக்கிட்டா அந்தக் கரி உள்ளயே தங்கும். எவ்வளவு தங்குதுன்னு நாங்க அளப்போம். அந்த அளவுக்கு வெளிநாட்டுக் கம்பெனி உங்க சங்கத்துக்குப் பணம் குடுக்கும்."

மந்தைக்காரர்களில் ரேடியோ என்று ஒருவர் உண்டு. தூங்கும்போது மட்டும் அணைந்திருப்பவர். "அவன் எதுக்குக் குடுக்கறான்? நம்ம மண்ணு மேல அவனுக்கு என்ன பாசம்?" என்று கேட்டார்.

"அவங்க பொகை விடறாங்க. அத நேர் பண்ணிக்க இது."

"அப்படிச் சொல்லு. அவன் தின்னுட்டு ஏப்பம் விடுவான், நாம வயித்தக் கட்டணும்."

கிடங்கே சிரித்தது. மண்ணுக்காரியும் சிரித்தாள். "நீங்க சொல்றது பாதி உண்மைங்க, அத நான் மறுக்கல. மீதியையும் கேளுங்க. உலகத்துல எந்தச் சரக்க வித்தாலும் அது வீட்ட விட்டுப் போயிடும். இது வித்த பிறகும் உங்க காலடியிலயே இருக்கும். புல்லா இருக்கும்."

அவள் சொன்ன ஏற்பாடு இது. எல்லா மந்தையையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நிலத்தை ஏழு கட்டமாகப் பிரித்துக் கம்பி போட வேண்டும். ஒரு கட்டத்தில் மந்தை மேயும்போது மற்றவை ஓய்வெடுக்கும். வருடத்துக்கு ஒரு கட்டம் அடியோடு மேய்ச்சலே இல்லாமல் கிடக்கும். அதன் விதைதான் மற்றவற்றுக்கும் பரவும். மந்தையை எப்போது நகர்த்துவது என்று சொல்ல ஒரே ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு நாட்டாமை கூடாது.

"இதுக்கு என்ன யோசனை?" என்றார் ரேடியோ. "ஒரு இடத்துல நிக்காத ஆளு நம்மகிட்ட ஒண்ணு சும்மாவே சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்கே சம்பளத்தக் குடுத்துட்டா போச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது காத்தாடி கிடங்கு வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். கிணத்தடி மட்டும் முனகினான். "இவளா? இவ அடுப்புல பால வெச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போறவ."

ஆனால் வேலை அவளுக்காகவே தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. விடியும் முன்பே குச்சியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புவாள். கட்டம் கட்டமாக நடந்து புல்லைப் பார்ப்பாள். எது மடங்கியிருக்கிறது, எது கடிபட்டிருக்கிறது, எது தலை நிமிர்ந்துவிட்டது என்று கணுக்காலை வைத்து அளப்பாள். மந்தை ஒரு கட்டத்தை விட்டுக் கிளம்பும்போது, டெய்லர் கடையில் வெட்டி விழுந்த துணியைக் கிழித்துப் புல் கொத்து ஒன்றின் அடியில் முடிந்து வைப்பாள். திரும்பி வரும்போது அந்தக் கொத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கதை தெரிந்துவிடும். பிறகு அடுத்த கட்டத்தின் படலைத் தூக்குவாள். படல் என்றால் கழியும் கம்பியும் பின்னிய தட்டி. கீல் கிடையாது, ஆள்தான் தூக்கி நகர்த்த வேண்டும். அவள் ஒரு கூவல் போட்டால் மொத்த மந்தையும் திரும்பும். தூசு எழும், மணி குலுங்கும், ஆயிரம் குளம்புகள் சின்னச் சின்னதாய்த் தரையைத் தட்டும். அந்த நிமிடத்தில் அவளுடைய உடம்புக்குள் இருக்கிற அரிப்பு அடங்கும்.

நல்ல மழை வருடங்கள் அவை. அவள் வேகமாக நகர்த்தினாள். மந்தை ஒரு வாய் கடித்துவிட்டுப் போனால், சுற்றி வருவதற்குள் புல் முழங்காலைத் தொடும். கிணற்றடி வழுக்கையில்கூடப் பூனை முடிபோல ஏதோ முளைத்தது. கம்பெனிக் காசில் தண்ணீர்த் தொட்டிகள் வந்தன, குழாய் வந்தது, கிடங்குக்குக் கூரை வந்தது. "காத்தாடி சுத்தினா காசு கொட்டுது" என்றார் ரேடியோ.

மண்ணுக்காரி மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள். "அக்கா, மழை வருஷத்துல வேகமா நகத்துங்க. காஞ்ச வருஷத்துல மெதுவா நகத்துங்க. மறந்துடாதீங்க."

"சரிம்மா, சரி" என்பாள் காத்தாடி. முதல் பாதி அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது பாதி காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பிறகு அந்த வருடம் வந்தது. மேகம் வரும், பார்க்கும், போகும். புல் வைக்கோல் நிறத்துக்குப் போய், அப்புறம் சாம்பல் நிறத்துக்குப் போனது. ஆடுகள் விடிந்ததிலிருந்து கத்தின. பசித்த ஆட்டின் கத்தலைக் கேட்டுக்கொண்டு ஒருவனால் டீ குடிக்க முடியாது; குடித்தால் அது இறங்காது. மந்தைக்காரர்கள் அவளைத் துரத்த ஆரம்பித்தார்கள்.

"இந்தக் கட்டத்துல என்ன இருக்கு? மண்ணத்தான் நக்குதுங்க. அடுத்தத தொற."

"தொற காத்தாடி, தொற."

யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம். அவளே துடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கட்டத்தில் மந்தை நுழைந்த மறுநாளே அவள் கண் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அங்கே கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி தெரியும். திறப்பாள். அங்கே போனால் அதற்கடுத்தது கூட இருக்கிற மாதிரி தெரியும். திறப்பாள். ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி அரைநாள் இருக்கும். இப்படி ஓட்டமும் நடையுமாக ஆறு கட்டத்தையும் சுற்றி முதல் கட்டத்துக்குத் திரும்பி வந்தாள். ஏழாவது கட்டத்துக்கு அந்த வருடம் ஓய்வு முறை. அது மட்டும் சாத்திக் கிடந்தது.

முதல் கட்டத்தின் படலைத் தூக்கக் குனிந்தவள், பக்கத்தில் நீலத் துணி முடிந்த கொத்தைப் பார்த்தாள். பள்ளிச் சீருடை வெட்டியதில் மிச்சம். சாயம்கூட இன்னும் வெளுக்கவில்லை. புல் அவள் முடிந்துவிட்டுப் போன உயரத்திலேயே நின்றது. கடிபட்ட நுனி ஆறாத புண்போலப் பழுத்திருந்தது. அடுத்த கொத்தைப் பார்த்தாள். அடுத்ததை. எதுவும் விரல் அகலம்கூட வளரவில்லை.

படலைப் பிடித்த கை அப்படியே நின்றது. ஆறு கட்டத்தைச் சுற்றி வர ஆகிற காலம்தான் புல்லுக்குக் கிடைக்கிற மொத்த ஓய்வு. அவள் வேகமாகச் சுற்றச் சுற்ற அந்த ஓய்வைத்தான் தின்றுகொண்டு வந்திருக்கிறாள். மழைக்காலத்தில் புல் வாரத்தில் எழும். வறட்சியில் மாதக்கணக்கில் ஏங்கி எழும். ஆடு கடித்தது ஒரு பங்கு என்றால் அவளுடைய அவசரம் கடித்தது மூன்று பங்கு. காஞ்ச வருஷத்துல மெதுவா. இவ்வளவு எளிய விஷயம். அவளுக்குத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் நேரமில்லை, பின்னால் மந்தை முட்டிக்கொண்டு நின்றது.

மண்ணுக்காரிக்குப் போன் செய்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் திட்டு வரவில்லை. "ஏழாவது எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"காஞ்சு நிக்குது. ஆனா நிக்குது. கதிர் இருக்கு."

"அப்ப அது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு. மொத மழைக்கப்புறம் மண்ணக் குடைஞ்சு பாக்க ஆளுங்களோட வருவேன். ஆறும் அடிபட்டிருந்தாக்கூட, விதை நிலம் ஒண்ணு நிக்குதுன்னா ஒப்பந்தம் தாங்கும்னு நான் வாதாடலாம். ஏழையும் மேச்சுட்டீங்கன்னா, என் வாயால ஒண்ணும் ஆகாதுக்கா. கம்பெனி கைகழுவிடும்."

"ஆடுங்க?"

"அதுக்கும் பதில் உங்களுக்குத் தெரியும். நிலத்துக்கு இப்ப இவ்வளவு வாய் ஆகாது. உடம்புல சதை இருக்கும்போதே கொஞ்சத்த வித்துட்டு, மீதிய வெச்சுக்கிட்டு, ஒரு ஒரு கட்டத்துலயும் நின்னு நின்னு மேய்க்கணும்."

கைகழுவிடும் என்றால் என்ன என்று காத்தாடிக்கு விளக்க வேண்டியதில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நிற்கும். கம்பி அறும். கூட்டு மந்தை கலைந்து ஆளுக்கு ஒரு திசையாய், கடைசியில் எல்லாரும் அதே கிணற்றடிக்கு. அவளுக்கு? கடைத்தெரு. ஸ்டூல். காஜா. மிச்ச ஆயுசு முழுக்க மற்றவன் சட்டையின் எதிர்ப்பக்கப் பட்டன்.

அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். "தப்பு என்னோடது. ஓட்டிட்டேன். இனிமே மெதுவாத்தான். ஏழாவது மழை வர்ற வரைக்கும் தொறக்காது. ஆளுக்குக் கொஞ்சம் ஆட்ட விக்கணும்."

பிறகு கிணத்தடி எழுந்தான். அவன் எழுந்து பேசுவதே அபூர்வம்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். அங்க எவனோ ஏசி போட்டுக்கிட்டு, பிளேன்ல பறந்துகிட்டு, பொகைய விட்டுக்கிட்டு இருக்கான். அவன் ஒரு நாளு அந்த ஏசிய அணைச்சானா? இல்ல. அவன் கணக்கு நேராகறதுக்கு நான் என் ஆட்ட விக்கணும். ஏழாவதுல புல்லு நிக்குது, என் ஆடு வேலிக்கு இந்தப் பக்கம் பட்டினி கிடக்குது. எந்த ஊரு நியாயம் இது?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்" என்று யாரோ ஒத்து ஊதினார்கள்.

அவன் சொன்னதில் ஓட்டை இல்லை என்று காத்தாடிக்குத் தெரிந்தது. "அவனுக்காக இல்லண்ணே" என்றாள். "ஏழாவது போச்சுன்னா அடுத்த வருஷம் விதையே இல்ல."

"அடுத்த வருஷத்துக்கு என் ஆடு உசுரோட இருந்தா பாத்துக்கலாம். நாளைக்குக் காலைல ஏழாவது படல நான் தொறக்கறேன். தடுக்கறவங்க தடுங்க."

கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்து அவள் கடைக்குப் போனாள். டெய்லர் ஒரு பேண்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்த இரண்டடியில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதறாத காரியம் சிதறாதும்பாங்க" என்றார் அவர்.

"பழமொழி வேணாங்க. எனக்கே தொறந்து விடணும்னுதான் கை துடிக்குது. அண்ணன் தொறக்க வர்றான்னு பயமில்ல. அவன் வர்றதுக்குள்ள நானே தொறந்துடுவேனோன்னு பயம்."

டெய்லர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "எதனால கை துடிக்குது?"

"என் ஆடும் அங்கதான கத்துது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. நடை நின்றது. "என்னோடத மொதல்ல விக்கணும்" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"பாதிய வித்தா மீதிப் பாதிக்கு ஆசப்படுவேன்."

டெய்லர் ஆட்டு வியாபாரிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு காரியம் செய்தார்: கடையைச் சாத்தினார். கையில் வேலை மிச்சமிருக்கும்போது அவர் கடையைச் சாத்தி அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

காலையில் வியாபாரியின் வேன் ஏழாவது கட்டத்தின் பக்கமே வந்து நின்றது. காத்தாடி தன் ஆடுகளைக் காதிலிருந்த அடையாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தாள். ஒரு பின்னங்காலைச் சற்று இழுத்து நடக்கிற பெட்டை ஒன்று, வேனில் ஏற மாட்டேன் என்று அவள் முழங்காலில் தலையை வைத்து முட்டியது. டெய்லர் அதன் பின்பக்கத்தைத் தூக்கித் தள்ளினார். பழக்கமில்லாத வேலை, சட்டையெல்லாம் புழுக்கை. வேன் கிளம்பியது. அவள் பார்க்கவில்லை. படலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

கிணத்தடி மந்தையோடு வந்தான். பின்னால் அண்ணி, ரேடியோ, மற்றவர்கள். வேன் கிளப்பிய தூசு இன்னும் அடங்கவில்லை.

"தள்ளு."

"மாட்டேண்ணே."

"உன் ஆடு எங்க?"

"வித்துட்டேன்."

"எல்லாமா?"

அவள் தலையாட்டினாள். அவன் முகம் ஒரு மாதிரி ஆகி, உடனே இறுகியது. "ஓஹோ. ஆடில்லாதவளுக்கு ஆட்டோட பசி என்ன தெரியும்?"

சுருக்கென்று இறங்கியது அது. "நேத்து வரைக்கும் இருந்துச்சுண்ணே" என்றாள். குரல் உடைந்தது, கை படலை விடவில்லை. ஆடுகள் அவள் இரண்டு பக்கமும் கம்பிக்குள் தலையை நுழைத்து உள்ளேயிருந்த கதிருக்கு நாக்கை நீட்டின. அவளுடைய பாதங்கள் மாறி மாறித் தரையை மிதித்தன. உடம்பு முழுக்கத் திற, திற என்றது. ஒரு தூக்கு தூக்கினால் போதும், இந்தக் கத்தல் நிற்கும்.

அண்ணன் படலின் மறு முனையைப் பிடித்தான். அவன் பலத்துக்கு அவளையும் சேர்த்தே தூக்கியிருக்கலாம். பிடித்தபடியே நின்றான். தங்கை அழுகிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தான் போலிருக்கிறது. பிடியை விடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

அந்த முடிச்சை அண்ணிதான் அவிழ்த்தாள். "இந்தப் படல விட்டா உலகத்துல வேற வழியே இல்லையா? எங்க பொறந்த வீட்டுக்கு அந்தாண்ட ஆத்தோரம் பச்ச நிக்குதாம். தம்பி போன வாரமே கூப்பிட்டான். ஓட்டிக்கிட்டுப் போவோம். நீங்கதான் கிணத்த விட்டு நகர மாட்டேன்னு உக்காந்திருக்கீங்க."

"அவ்வளவு தூரமா?"

"கால் எதுக்கு இருக்கு? ஆட்டுக்கு நாலு, உங்களுக்கு ரெண்டு."

யாரோ சிரித்துவிட்டார்கள். கிணத்தடி படலை விட்டான். தங்கையைப் பார்க்காமல், "சரி. நீ காத்தாடின்னு பேர வெச்சுக்கிட்டு இங்கயே நட்டுக்கிட்டு நில்லு. நான் நடக்கறேன்" என்றான்.

"கிணத்தடி நடக்குது, காத்தாடி நிக்குது" என்றார் ரேடியோ. "மழை நிச்சயம்."

மழை அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஆனால் பெரிய மந்தை போனதுமே நிலம் இடுப்புத் துணியைத் தளர்த்தியது போலிருந்தது. மற்றவர்களும் முனகிக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் விற்றார்கள். மீதி மந்தையைக் காத்தாடி ஒரு கட்டத்தில் நிறுத்தினாள். நிறுத்தி வைப்பது, நகர்த்துவதைவிடப் பத்து மடங்கு வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் எழுந்தால் போக இடமில்லை. வேலியோரமாகச் சுற்றி வருவாள், மறுபடி சுற்றி வருவாள். தொட்டியைக் கழுவுவாள், கழுவின தொட்டியைக் கழுவுவாள். டெய்லர் ஒரு மூட்டை பட்டன் அனுப்பினார். இரண்டு சட்டைக்கு வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அவளை மூச்சு விட வைத்தது அண்ணனின் போன்தான். முதல் சில நாள் அவன் கோபத்தில் இருந்ததால் அண்ணிதான் பேசினாள். பிறகு அவனே பேச ஆரம்பித்தான்.

"ஏம்மா, இங்க ஒரு பாலம் இருக்கு. இந்த முனைல நின்னா அந்த முனை தெரியல. ஆடு ஏற மாட்டேன்னுடுச்சு. நானும்தான்."

"அப்புறம்? எப்படிப் போனீங்க?"

"உங்க அண்ணி முன்னாடி போனா. ஆடு அவ பின்னாடி. நான் ஆட்டுக்குப் பின்னாடி, கண்ண மூடிக்கிட்டு."

இன்னொரு நாள் உப்பு பூத்த வெளி. இன்னொரு நாள் ரயில்கள் தூங்குகிற ஓர் இடம். பெட்டி நிழலில் மந்தையைப் படுக்க வைத்தானாம். நாற்பது வருடம் ஒரு கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வாயில் இதெல்லாம் வந்தது. காத்தாடி போனைக் காதில் இறுக்கிக்கொண்டு வேலியோரம் வேக வேகமாக நடப்பாள். "அதுக்கப்புறம் என்ன ஊரு? ரோடு எப்படி? மண்ணு என்ன நிறம்?" என்று குடைவாள். வைத்த பிறகு அவளுக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்காது.

கடைசியில் மழை வந்தது. பெரிய மழை இல்லை. ஆனால் நின்று பெய்தது. ஏழாவது கட்டத்தில் பழைய கொத்துகளின் அடியிலிருந்தும், இடைவெளியில் உதிர்ந்திருந்த விதையிலிருந்தும் பச்சை ஊசி ஊசியாய்க் கிளம்பியது. மண்ணுக்காரி ஆட்களோடு வந்தாள். எல்லாக் கட்டத்திலும் குடைந்தார்கள். முதல் ஆறில் எடுத்த மண்ணைப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஏழாவதில் குழாயைத் தட்டியபோது மண் உதிராமல், வேர் பின்னிய கட்டியாக, கறுப்பாக வழுக்கி வந்து விழுந்தது. காத்தாடி அதைத் தொடப் போனாள்.

"தொடாதீங்கக்கா, சாம்பிள்" என்றாள் மண்ணுக்காரி. பிறகு நிமிர்ந்து, "மத்த ஆறுக்கும் இந்த வருஷம் பணம் ஒண்ணும் பெருசா வராது. ஆனா ஒப்பந்தம் தாங்கும். நான் எழுதறேன்" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயம்னு எப்படிச் சொல்றது? கம்பெனி அங்க இருக்கு, மண்ணு இங்க இருக்கு. இது போதும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியணும்."

அவர்கள் இன்னும் பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணன்.

"மழையாமே! ரேடியோ சொல்லிட்டாரு. தொறந்துட்டியா?"

"இல்லண்ணே."

"ஏன்? அதான் பச்சையாயிடுச்சே!"

"இப்பதான் முளைக்குது. இப்ப கடிச்சா வேரோட வந்துடும். கதிர் விட்டப்புறம்தான். அதுவும் மெதுவா."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. அவன் எரிச்சலில் செருப்பைத் தரையில் தேய்ப்பதுகூடக் கேட்டது. "அப்ப நான் இந்த மந்தைய வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? எனக்குக் கிணத்தப் பாக்கணும் போல இருக்கு."

"இன்னும் கொஞ்சம் சுத்திட்டு வா. வந்தா உன் இடம் இருக்கு."

"உனக்கென்ன, சொகமா அங்க நின்னுக்கிட்டு சொல்லுவ."

சுகமா! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மண்ணுக்காரியின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பாதை மழையில் கழுவப்பட்டு, வண்டித் தடம்கூட இல்லாமல், வளைந்து மேடேறிப் போனது. அவள் படலில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள்.

"திரும்பி எந்த வழியாண்ணே வர்ற? போன வழியாவா, வேற வழியாவா? அத மொதல்ல சொல்லு."